பன்னிரண்டாம் இடம்

வெள்ளை எனாமல் பேசின் ஒன்று எங்கள் கோயிலில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் மட்டும் அதை வெளியே எடுப்பார்கள். பீடத்தின் முன் பெஞ்சுகளில் பன்னிரண்டு ஆண்கள் வலது காலை மட்டும் நீட்டி அமர்ந்திருக்க, பங்குச் சாமியார் முழந்தாளிட்டு ஒவ்வொரு பாதத்தையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். ஆண்டவர் தம் சீடர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவிய தாழ்மையை நினைவுகூரும் சடங்கு அது. மொரப்பூரை அடுத்த எங்கள் சிறிய பங்கிலோ அந்தப் பெஞ்சில் இடம்பெறுவதே ஒரு பெருமையாகிவிட்டிருந்தது. நிலம் வைத்திருப்பவர், ரயில்வேயில் இருப்பவர், வாத்தியார் என்றுதான் பெயர்கள் வரும். அழைக்கப்பட்டவர்கள் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டிக்கொண்டு வருவார்கள்.

அறுபதுகளின் இறுதியில் ஓர் ஆண்டு, பன்னிரண்டாவது பெயராக என் அண்ணனின் பெயர் வாசிக்கப்பட்டது. அவர் பங்கின் மாணவர் விடுதியில் சமையல்காரர். பெற்றோர் போனபின் அவர் அடுப்படிக்குப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்த ஆண்டு நான் பங்குப் பள்ளியிலேயே ஆசிரியனாக இருந்தேன். ஜூனில் தலைமையாசிரியர் ஓய்வு பெறவிருந்தார். அடுத்தவரை நியமிக்க வேண்டிய மேனேஜர் சாமி அந்த வியாழன் திருப்பலிக்கு வருவதாக இருந்தது. பட்டியலில் என் பெயர் இல்லை.

விடுதிச் சமையலறைக்குப் போனேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண் அண்ணனைச் சீண்டிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க சமையக்காரரே, அப்போஸ்தலரு ஆயிட்டீங்களாமே? எந்த அப்போஸ்தலருங்க, பேதுருவா?”

“பன்னெண்டு பேருக்கும் அன்னிக்கு எவனோ ஒருத்தன் சோறாக்கியிருப்பான் இல்ல? அவன்தான் நானு.”

இருவரும் சிரித்தார்கள். நான் அவரைத் தனியே அழைத்தேன். “அண்ணா, மேனேஜர் சாமி வர்றாரு. உங்க கால் இருக்கிற இருப்பைப் பாத்தீங்களா?” என்றேன். ஈரச் சிமெண்டுத் தரையில் ஆண்டுக்கணக்காக நின்று பாளம் பாளமாக வெடித்த பாதங்கள். அவர் குனிந்து பார்த்தார். நிமிரச் சற்று நேரம் ஆயிற்று.

“ஆமாந்தம்பி. சாமி முத்தம் வேற வெக்கணும். நீ உக்காருப்பா. படிச்ச காலு.”

பங்குச் சாமியாரிடம் நான் வேறுவிதமாகச் சொன்னேன். “தமக்கு அந்தத் தகுதியில்லை என்று அண்ணன் கருதுகிறார், என்னை அமரச் சொல்கிறார்.” சாமியார் நெகிழ்ந்துபோனார். அப்படியானால் தண்ணீர் ஊற்றும் பணியாவது அவருக்கு இருக்கட்டும் என்றார். வியாழனன்று அண்ணன் செம்போடு வந்தார். என் பாதத்தில் அவர் ஊற்றிய நீர் வெதுவெதுப்பாக இருந்தது; யாரும் சொல்லாமலே அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்திருந்தார். சாமியார் குனிந்து, “சார், சோப்புப் போட்டுட்டு வந்தாச்சா? எனக்கு வேலையே வைக்கலியே” என்று மெல்லச் சொன்னார். அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஜூனில் நான் தலைமையாசிரியன் ஆனேன். அன்றிலிருந்து அண்ணன் என்னைச் ‘சார்’ என்றார். முதலில் பிறர் முன்னிலையில், பிறகு வீட்டிலும். வேண்டாம் என்று நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ‘தம்பி’ என்று அழைக்க உலகில் எனக்கு இருந்த ஒரே குரல் அப்படித்தான் நின்றுபோயிற்று. தலைமையாசிரியர் அறையில் நான் அமர்ந்திருந்த ஆண்டுகளில் அந்த அமைதியை மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்.

என் பொய் என்னைவிட நன்றாக வாழ்ந்தது. சாமியார்கள் மாறினார்கள், போகிறவர் வருகிறவரிடம், ‘சமையல்காரரை மட்டும் கூப்பிடாதீர்கள், கூச்சப்படுவார், புனிதமான மனுஷன்’ என்று சொல்லிவிட்டுப் போனார். எழுபதுகள் முழுவதும் என் பெயரோடு பட்டியல் வாசிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் அண்ணன் கடைசி வரிசையில் நின்று கேட்டார். கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டி இரண்டு மாதம் படுத்திருந்த ஆண்டிலும், வியாழனன்று நொண்டிக்கொண்டே வெந்நீர்ச் செம்போடு வந்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலைமையாசிரியர் பொய் சொல்லியிருக்கிறார் என்று பங்கு அறிந்துவிடும், ஆகவே சொல்லவில்லை. ஓய்வுக்குப் பின் உறுத்தல் தாளாமல், என்னை இனி அழைக்க வேண்டாம் என்றேன். அண்ணனைப் போலவே தம்பியும் என்று மெச்சினார்கள். அந்த மெச்சுதலும் எனக்கு இனித்தது.

கடந்த மாசியில் அண்ணனை அடக்கம் செய்தோம். இளம் சாமியார் மறையுரையில், தமக்குக் கிடைத்த இடத்தைத் தகுதியில்லை என்று விட்டுக்கொடுத்தவர் என அவரைப் புகழ்ந்தார். முதல் வரிசையில் இருந்த என்னைச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். கல்லறையிலிருந்து திரும்பும்போது அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கும் அறுபது கடந்துவிட்டது.

“சித்தப்பா, அப்பா நெசமாவே வேணாம்னாருங்களா? பட்டியல்ல பேரு வந்த அன்னியிலிருந்து கெணத்தடியில உக்காந்து செங்கல்லால குதிகாலத் தேய் தேய்னு தேச்சாரு. ரத்தமே வந்துச்சு. எதுக்குப்பான்னு கேட்டா, ‘வியாழக்கிழம கோயில்ல பாரு’ன்னாரு.”

“அவரேதாம்மா வேணாம்னாரு” என்றேன்.

அவள் தலையசைத்தாள். இதை நான் எழுதி அனுப்புகிற இந்த இதழ் அவள் வீட்டுக்கும் போகிறது.