நினைப்பில் சிந்திய தண்ணீர்

மார்ச் 4: 1 நிமிடம் 52 விநாடி. சிந்தியது இல்லை.
மார்ச் 6: 1 நிமிடம் 45 விநாடி. சிந்தியது இல்லை.
மார்ச் 13: 3 நிமிடம் 40 விநாடி. சிந்தியது 3 லிட்டர்.
மார்ச் 22: 4 நிமிடம் 20 விநாடி. சிந்தியது ஒன்றரை லிட்டர்.
ஏப்ரல் 9: 4 நிமிடம் 8 விநாடி. சிந்தியது 700 மில்லி.

இந்தத் தண்ணீரில் ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. அத்தனையும் ஒரு பெண்ணின் நினைப்பில் சிந்தியது.

இரும்புத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் அவள் பதினாறு வருடமாகக் கிரேன் ஓட்டுபவள். கூரைக்குக் கீழே முப்பது அடி உயரத்தில் தொங்கும் கண்ணாடிக் கேபினில் உட்கார்ந்து, இடக்கை லிவரால் கிரேனை நகர்த்துவாள். வலக்கை லிவரால் கொக்கியை ஏற்றி இறக்குவாள். கீழே இருப்பவர்களுக்கு அவள் கொக்கி அக்கா. முப்பது அடி ஏணியில் ஒருநாளும் கால் இடறாதவள், பிப்ரவரி 26 அன்று துவைத்த துணியும் கையுமாக வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு ஆறு வாரம்.

அறுபது நாளுக்கு மேல் விடுப்பில் இருந்தால் மறுதேர்வு என்பது தொழிற்சாலை விதி. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பெரிய வாளியைக் கொக்கியில் மாட்டி, நான்கு கம்பங்களுக்கு இடையே வளைத்துக் கொண்டுபோய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள். ஒரு லிட்டருக்கு மேல் சிந்தக் கூடாது. சிந்தினால் கேபின் போச்சு. மீதிக் காலம் முழுக்க ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஃபோர்மேன் போனில் ஆறுதல் சொன்னார். "தற்காலிகமா, கீழ சரக்கு மாட்டுற நெட்டையன உன் சீட்டுல போட்டிருக்கேன்மா. நல்லாத்தான் ஓட்டுறான்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விரல்கள் விறைத்துப் போகாமல் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஒரு பிசியோதெரபிப் பெண் இருந்தாள். கொக்கி அக்காவின் பயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "கை சும்மாவே கிடந்தா, மூளையில அந்தக் கைக்குன்னு இருக்கிற இடமும் சுணங்கிப் போகும் அக்கா. கண்ண மூடிக்கிட்டு, லிவர் உங்க கையில இருக்கிற மாதிரியே உணர்ந்து ஓட்டிப் பாருங்க. நிஜமா ஓட்டும்போது மூளையில வேலை செய்யுற இடங்கள்ல நிறைய அப்பவும் வேலை செய்யும். பழகின பாதை தூர்ந்து போகாது."

"நினைச்சாலே நடக்கும்னா நான் எப்பவோ ஒல்லியாகியிருப்பேன்."

"சதைக்கு இது உதவாது. அதுக்குக் கட்டுப் பிரிச்சப்புறம் உங்கள அழ வைக்கிறேன். இது பழக்கத்துக்கு."

அன்று முதல் தினமும் மூன்று தடவை ஜன்னலோர நாற்காலியில் கிரேன் ஓடியது. கணவர் எதிரே கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, நேரத்தையும் சிந்தியதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுவது அவர் வேலை.

"அண்ணி, தூங்குறீங்களா?" என்றாள் உள்ளே வந்த நாத்தனார்.

"கிரேன் ஓட்டிக்கிட்டிருக்கேன். தள்ளி நில்லு, தலைக்கு மேல வாளி வருது."

முதல் வாரம் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பெருமையோடு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். பிசியோதெரபிப் பெண் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நிஜத்துல எவ்வளவு நேரமாகும்?"

"நாலு நிமிஷம். கொஞ்சம் கூடவும் ஆகும்."

"அப்ப மீதி ரெண்டு நிமிஷம் எங்க போச்சு?"

பஸ்ஸில் திரும்பும்போது இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. அவள் நினைப்பில் வாளி, சுவரில் ஆணியடித்த காலண்டர் மாதிரி அசையாமல் தொங்கியது. பதினாறு வருடத்தில் எந்தச் சரக்கும் அப்படித் தொங்கியதில்லை. கிரேன் நின்றாலும் சரக்கு நிற்காது. முன்னே போய் ஆடும். சரக்கு ஆடி எட்டும் ஓரத்துக்குக் கிரேனைக் கொண்டுபோய், சரியாக அதன் தலைக்கு மேலே நிறுத்தி அதை அடக்க வேண்டும். பாதி நேரம் அதற்குத்தான் போகும். வேலையில் எது வேலையோ அதை விட்டுவிட்டு மிச்சத்தை அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வாளியை ஆட விட்டாள். தண்ணீர் கொட்டித் தீர்த்தது.

"எவ்வளவு?" என்றார் கணவர்.

"மூணு லிட்டர் இருக்கும்."

"இருபது வருஷமா தண்ணிக் கணக்கு எழுதுறேன். இல்லாத தண்ணிக்கு எழுதுறது இதான் முதல் தடவை. ரெண்டுன்னு போட்டுக்கட்டுமா?"

"மூணுன்னா மூணுதான்."

ஏப்ரல் 10 அன்று கட்டைப் பிரித்தார்கள். மணிக்கட்டு மெலிந்து, மரக்கட்டையாய் இருந்தது. பிசியோதெரபிப் பெண் சொன்னபடியே அழ வைத்தாள். துண்டைப் பிழிவது, பந்தை அமுக்குவது என்று ஏறக்குறைய நாலு வாரம். நாற்காலிக் கிரேனையும் அவள் விடவில்லை.

தேர்வு மே 6, செவ்வாய். வெளியிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்திருந்தார். ஏணியில் ஏறும்போதே மணிக்கட்டு முணுமுணுத்தது. இரண்டு கம்பங்கள் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்கு. மூன்றாவதில் யாரோ பெரிய கதவைத் திறக்க, காற்று புகுந்து வாளி பக்கவாட்டில் வீசியது. யோசிப்பதற்குள் இடக்கை கிரேனை ஓரத்துக்குக் கொண்டுபோயிருந்தது. வலக்கை கொக்கியை அரை அடி இறக்கியிருந்தது. வாளி அடங்கியது. ஆனால் வட்டத்துக்குள் இறக்கும்போது மணிக்கட்டில் சுளீரென்று ஒரு வலி. வாளி தொப்பென்று உட்கார்ந்தது. தண்ணீர் தெறித்ததை மேலிருந்து பார்த்தாள்.

ஆய்வாளர் அளவுக் குவளையால் ஊற்றி வாளியை மறுபடி நிரப்பி, ஏதோ எழுதினார். முப்பது அடியிலிருந்து குவளையின் கோடு தெரியவில்லை.

கீழே இறங்கியதும் நெட்டையன் வந்தான். "அக்கா, மூணாவது கம்பத்துல எப்படிப் பிடிச்சீங்க?"

"தெரியலப்பா. கை தானாப் போயிருச்சு." ஃபோர்மேன் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு சார்?"

"நான் சொல்லக் கூடாதும்மா. தபால்ல வரும்."

எட்டு நாள். தபால்காரர் தெருமுனையில் திரும்பும் நேரம் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. கடிதம் வந்தபோது அவளால் உறையைக் கிழிக்க முடியவில்லை. நாத்தனார்தான் கிழித்துப் படித்தாள். நேரம் 4 நிமிடம் 31 விநாடி. கம்பங்கள் சாயவில்லை. சிந்தியது 640 மில்லி. 19ஆம் தேதி முதல் கேபினில் பணிக்குச் சேரவும்.

கணவருக்குப் போன் போட்டாள். அவர் "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"திங்கக்கிழமைலேருந்து காலைச் சமையல் உங்க பொறுப்பு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கடிதத்துல அப்படியா போட்டிருக்கு?" என்றார்.

கடிதம் வந்து சேர்ந்தது மே 14, புதன்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம்.