வாசலில் நட்ட தடி

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் பியர்பொன்ட்ஸில், எங்கள் வீட்டுக் கார்ப்பாதையின் இரு ஓரங்களிலும் பனி மூடினாலும் ஓரம் தெரியவென்று பனி அள்ளுபவர்கள் செம்மஞ்சள் தடிகளை நட்டுவிட்டுப் போன நாள் அது. மாலையில் மகள் குசினி மேசையடியில் இருந்தபடி, மறுநாள் வகுப்பில் பேச வேண்டியதை எனக்கும் எங்களோடு வசிக்கும் என் அண்ணைக்கும் வாசித்துச் சொன்னாள்.

ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய ஜெர்மன் குடியானவர்களின் கிளர்ச்சி பற்றியது. நீண்ட பிடி போட்ட அரிவாள்களோடும் வைக்கோல் வாரும் நீண்ட முட்கரண்டிகளோடும் கூட்டம் கூட்டமாக ஊர்களுக்குள் வந்து, தங்களோடு சேரச் சொல்வார்களாம். மறுத்தவனின் வாசலில் ஒரு தடி நடுவார்களாம். பிறகு அந்த வீட்டோடு யாரும் கதைக்கக் கூடாது, கொடுக்கல்வாங்கலும் கூடாது.

அண்ணை யன்னலால் எட்டிப் பார்த்தார். “எங்கட வாசலிலயும் நட்டிருக்கிறாங்கள். நாங்கள் எதுக்கு மாட்டம் எண்டனாங்கள்?”

“ஐயோ மாமா, அது பனி அள்ளுறவை நட்டது!” மகள் சிரித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனாள். பிரபுக்களின் வரி பொறுக்காமல் எல்லோரும் விரும்பியே ஆயுதம் எடுத்தார்கள் என்று எழுதியிருந்தாள்.

“தடிக்குப் பயந்து போனவையும் விரும்பிப் போனவையோ?”

“கோபம் இருந்ததுதானே மாமா. நீங்களும் விரும்பித்தானே இயக்கத்துக்குப் போனீங்கள். அம்மா சொன்னவ.”

அப்படித்தான் நான் சொல்லிவைத்திருந்தேன். ஊரில் போர் நடந்த காலத்தில் ஒரு காலை, எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் இயக்கத்தில் சேரப் போனவர் அவர். இங்கே வந்து சேர்ந்த பிறகும் அதை அடிக்கடி குத்திக் காட்டியிருக்கிறேன்.

“கோபம் இருந்தது பிள்ளை. அதுக்காகப் போகேல்லை. வீட்டுக்கு ஒராள் வரவேணும் எண்டவங்கள். வீட்டில ரெண்டு பேர்.” நாடியை உயர்த்தி என்னைக் காட்டினார்.

எனக்கு அப்போது பதினாறு வயது. அந்தக் காலையை ஒன்றும் விடாமல் நினைவில் வைத்திருப்பதாகவே எண்ணியிருந்தேன்: கழுவிக் கவிழ்த்த அவரது கோப்பை, சாத்தாத படலை, கொடியில் காயவிட்ட அவரது சேட்டு. எனக்குப் பதிலாகப் போனார் என்பது மட்டும் அதில் இல்லை.

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொல்லியிருந்தா இவ்வளவு வருசமும் ஆரை ஏசியிருப்பாய்?”

மகள் சிரிக்கவில்லை. எல்லோரும் விரும்பியே போனார்கள் என்ற வசனத்தை வெட்டினாள். “அப்ப என்னெண்டு எழுதுறது மாமா?”

“ஆர் ஏன் போனவன் எண்டு எங்களுக்குத் தெரியாது எண்டு எழுது.”

அவள் எழுதினாள். நான் கேத்திலை அடுப்பில் வைத்தேன். அண்ணைக்குத் தேத்தண்ணீரில் எவ்வளவு சீனி போடுவது என்று, இத்தனை வருடங்களாகக் கேட்காமலே போட்டுக்கொடுத்த நான், அன்று அவரிடமே கேட்டேன்.