ஒரே காதில் இரண்டு குரல்கள்

அந்த மாலை எனக்கு ஓர் ஒலியாகத்தான் நினைவிருக்கிறது. ஹெட்போனில் இரண்டு ஆண்குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கீச்சென்று இரைந்து அடங்கின. எனக்கு அது வெறும் இரைச்சல். பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு, நான் அக்கா என்று கூப்பிடுபவருக்கு, அப்படி இல்லை.

மெட்ராஸ் விமான நிலையத்தில், தரையிறங்க வரும் விமானங்களுக்கு வழி சொல்லும் அறையில் நாங்கள் வேலை பார்த்தோம். இருவருக்கும் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரே ஊர். ஆனால் ஊரில் இருந்தவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. என் அப்பா நிலக்காரர். அக்காவின் அப்பா எங்கள் வயலில் அறுவடைக்கு இறங்கியவர்களின் சங்கத் தலைவர். ஆட்சி மாறி, ஊர்ச் சுவர்களில் கறுப்பும் சிவப்பும் ஏறியிருந்த வருஷங்கள் அவை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, அறுவடையைப் பாதியில் நிறுத்தி அவர் ஆட்களோடு கரையேறினார். அப்பா வெளியூர் ஆட்களை இறக்கினார். களத்தருகே போலீஸ் வேன் வந்து நின்றது. அக்காவின் அப்பாவை அதில் ஏற்றிக்கொண்டு போன வாரத்தில்தான் அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதினார். கடைசியில் கூலி உயர்ந்தது. அப்பாவின் வாய் மட்டும் மாறவில்லை. வயதில் மூத்தவரான அந்த மனிதரை எங்கே கண்டாலும் "என்னடா" என்றுதான் கேட்பார்.

அக்கா அரசு விடுதிகளில் தங்கிப் படித்து இந்த வேலைக்கு வந்தவர். நெரிசலான மாலை நேரத்துக்குப் பெண்குரல் எடுபடாது என்று மேலதிகாரிகள் அவரைப் பகலிலேயே வைத்திருந்தார்கள். பலமுறை கேட்டுத்தான் அந்த மாலை நாற்காலியை வாங்கினார்.

அன்று மழைமேகம் கவிந்திருந்தது. பம்பாயிலிருந்து வந்த பெரிய விமானம் இறங்கும் வரிசையில் முன்னால் இருந்தது. அதற்கு மேலே, ஹைதராபாத்திலிருந்து வந்த சிறியது. இரண்டின் அழைப்பு எண்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. பெரியதை இன்னும் கீழே இறங்கச் சொன்னார் அக்கா. அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த இரைச்சல்.

"ரெண்டு பேரு பதில் சொல்றாங்க தம்பி" என்றார். உடனே சிறிய விமானத்திடம் உயரம் கேட்டார். அடுத்தவருக்குக் கொடுத்த அனுமதியைத் தனக்கென்று நினைத்து, அந்த விமானி மேகத்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தார். நேர் கீழே பெரிய விமானம். ரேடார் திரையில் இரண்டு புள்ளிகளும் ஒட்டிக்கொள்ளப் போயின.

அக்கா குரலை உயர்த்தவில்லை. சிறியதை மேலே ஏறச் சொன்னார். பெரியதை வலப்புறம் திரும்பச் சொன்னார். வரிசையில் நான்தானே முதலில் என்றது பெரிய விமானத்தின் குரல். "இப்போது திரும்புங்கள், கேள்வி பிறகு" என்றார் ஆங்கிலத்தில். திரும்பியது. புள்ளிகள் விலகின. பின்னால் காத்திருந்த மற்றவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிவிட்டுத்தான் அவர் தண்ணீர் குடித்தார்.

பெரிய விமானத்தின் கேப்டன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் எங்கள் அறைக்கு ஏறி வந்தார். இறங்கப் போன விமானத்தைச் சுற்றவிட்ட கற்றுக்குட்டி யார், இனி அந்த நாற்காலியில் உட்காரவிட மாட்டேன் என்று கத்தினார். அக்கா எழுந்து நின்றார். அவர் வாய் திறக்கும் முன், கதவருகே இன்னொரு விமானி வந்து நின்றார், முகம் வெளிறி. "தப்பு என்னுடையது சார். உங்கள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தேன். இவர் கண்டுபிடிக்காவிட்டால் நாம் இருவரும் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம்."

கேப்டன் அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த மாலை நாற்காலியை அதன்பின் அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அந்த அறைக்கே தலைமை ஏற்று ஓய்வு பெற்றார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது நடந்ததையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலையில் கடைத்தெரு டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அக்காவின் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். என் அப்பா பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டார்.

"வாங்க. உக்காருங்க."

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் தயங்கவில்லை. தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, அப்பாவுக்குச் சரிசமமாய் உட்கார்ந்தார்.

"பையன் சொன்னாப்ல. உங்க பொண்ணு பெரிய காரியம் பண்ணியிருக்கு" என்றார் அப்பா.

"ஆமா" என்றார் அவர், கடைக்காரரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டு. "எம் பொண்ணு சொன்னா, எப்பேர்ப்பட்ட பிளேனும் ஒதுங்கித்தான் போவணும்."