ஆர்லோ டீட்ஸ் மிதிக்காத மணி

அயோவா மாநிலத்தில் பிளம் ஃபோர்க் என்ற ஊரில் வங்கி நடத்திய ஆர்லோ டீட்ஸ், சுட்டதற்காகப் பதக்கமும் சுடவிடாததற்காகக் கெட்ட பெயரும் சம்பாதித்தவர். இரண்டுமே விலாசம் தவறி வந்தவை என்பது அவருடைய கட்சி. ஊரின் கட்சி வேறு.

பிளம் ஃபோர்க் மிக அமைதியான ஊர். அந்த அமைதிக்குக் குறுக்கே வருகிறவனைக் கொன்று போடவும் அது தயங்காது. ஆர்லோ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் மதியம் இரண்டு திருடர்கள் வங்கிக்குள் புகுந்து, அவருடைய அப்பா ஆட்டோ டீட்ஸின் தாடையைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். பற்கள் கவுண்டர்மேல் சிதறின. ஊர் முழுக்கச் சத்தம் கேட்டது. ஆனால் அது சாப்பாட்டு வேளை. பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் தட்டில் இருக்கும்போது பிளம் ஃபோர்க்கில் யாரும் பாதியில் எழுவதில்லை. அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது திருடர்கள் மாவட்டத்தையே தாண்டியிருந்தார்கள். ஆட்டோ டீட்ஸ் செத்துப்போகும்வரை கஞ்சிதான் குடித்தார்.

அவமானம் தாங்காமல் ஊர் ஒரு காவல்படை அமைத்தது. வங்கியில் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு மிதிகட்டை. அவற்றிலிருந்து ஒரு கம்பி தெருவோடு போய் ரைமர்ஸ் இரும்புக்கடைச் சுவரில் இருந்த பெரிய மணியில் முடிந்தது. மணி அடித்ததும் இரும்புக்கடைக்காரர்கள் இந்தப் பக்க ஜன்னல்களிலும், எதிர்ச்சாரியில் லெஸ்டர் பிங்ஹமின் சலூனில் இருப்பவர்கள் அந்தப் பக்க ஜன்னல்களிலும் துப்பாக்கியோடு நிற்க வேண்டும். திருடனின் கார் நடுத்தெருவில்தான் நிற்கும். இரண்டு பக்கமும் சுட்டால் நடுவில் இருப்பவன் தப்ப முடியாது. நல்ல திட்டம். நடுவில் இருப்பவன் கீழே படுத்துக்கொண்டால் குண்டுகள் எங்கே போகும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆப்பிள் பை பரிமாறினார்கள்.

யுத்தம் வந்தது. ஆர்லோ கடற்படையில் சேர்ந்தார். ஓகினாவா பக்கம் ஒரு நாசகாரிக் கப்பலில் விமான எதிர்ப்புப் பீரங்கியைத் திருப்பிச் சுடும் வேலை. ஒரு காலையில் ஜப்பானிய விமானம் ஒன்று அலையைத் தொட்டுக்கொண்டு, அவருடைய கப்பலுக்கும் பக்கத்துக் கப்பலுக்கும் நடுவே பறந்து வந்தது. இரண்டு கப்பல்களும் அதைக் குறிவைத்துத் திருப்பிக்கொண்டே சுட்டன. விமானம் போய்விட்டது, குண்டுகள் போகவில்லை. ஆர்லோவுக்குக் குண்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெட்ரில்லோ என்ற இத்தாலிய வம்சாவளிப் பையனுக்குக் கழுத்துக்கு மேல் எதுவும் இல்லை. கைகள் மட்டும் அடுத்த குண்டை நீட்டியபடி ஒரு கணம் நின்றன. ஆர்லோ அதை வாங்கிச் சுட்டார். அது எதிர்க்கப்பலின் மேல்தளத்தில் வெடித்து, அங்கே நின்றவர்களைத் தளத்தின் இரும்போடு ஒட்டவைத்ததை அவர் கண்ணால் பார்த்தார். விமானம் சற்றுத் தள்ளித் தானாகவே கடலில் விழுந்தது. இரண்டு கப்பல்களும் அதை வீழ்த்தியதாக அறிக்கை அனுப்பின. கடற்படை பெருந்தன்மையோடு இரண்டையும் நம்பி, இரண்டின் பீரங்கிக்காரர்களுக்கும் பதக்கம் கொடுத்தது.

ஊர் திரும்பி, வங்கியை ஏற்று, அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாளே ஆர்லோ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். எதிரும் புதிருமாக இரண்டு கட்டடங்கள். நடுவில் ஒரு தெரு.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கவலை. ஊரே ஊரைச் சுட்டுக்கொள்வதற்குள் அந்த மணியை இறக்கிவிட வேண்டும். காப்பிக்கடையில், கூடப் படித்த கஸ் ரைமர்ஸிடம் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் எதிரெதிரே வைத்து விளக்கினார்.

"இது உன் கடைடா கஸ். இது லெஸ்டர் சலூன். கார் இங்க நிக்குது. லெஸ்டர் சுடறது கார்ல படலேன்னா எங்க போய்ப் படும்?"

கஸ் மிளகுக் குப்பியை எடுத்து முட்டைமேல் தூவிக்கொண்டான். "லெஸ்டர் சுட்டு எங்கடா பட்டிருக்கு? போன வருஷம் மான் வேட்டைக்குப் போயி அவன் காரையே சுட்டான்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"கப்பல் ஆடும், குறி தப்பும். தெரு ஆடாது. நீ ரொம்ப நாள் தண்ணில இருந்துட்ட ஆர்லோ."

பக்கத்து மேசையிலிருந்து லெஸ்டர் திரும்பினார். இவர்கள் இருவரையும்விட மூத்தவர். இருவருக்கும் முதல் முடி வெட்டியவர். "உங்கப்பன் பல்லு கொட்டின அன்னிக்கு நாங்க வரலேன்னு இன்னும் கோவமாடா உனக்கு? அடுத்த வாட்டி சாப்பாடு பாதியில கெடந்தாலும் எந்திரிச்சு வந்துருவோம். போதுமா?"

கடையே சிரித்தது. அந்த வாரமே ஆர்லோவைக் காவல்படைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பதக்கம் வாங்கியவர் வேறு யாரும் ஊரில் இல்லை.

சில வருடங்கள் கழித்து, ஓர் இலையுதிர்காலத்து முற்பகலில் திருடர்கள் வந்தார்கள். இருவர் உள்ளே வந்தார்கள். ஒருவன் நடுத்தெருவில் காரோடு நின்றான். உயரமானவன் கேள்வி எதுவும் கேட்காமல் ஆர்லோவின் வாயில் துப்பாக்கியால் அடித்தான். உதடு கிழிந்தது. அடுத்த அடியில் கண்புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது.

"பெட்டகத்தத் தொற. கால அசைச்சே, செத்த."

ஆர்லோவின் பூட்ஸ் மிதிகட்டைமேல்தான் இருந்தது. அவர் காலை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க. பையில கட்டியே தரேன். சத்தம் போடாம போயிடுங்க, தயவு பண்ணி."

வங்கித் தொழிலில் வாடிக்கையாளரை இவ்வளவு கனிவாக வழியனுப்பியவர் வேறு யாரும் இருக்க முடியாது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்துக் கவுண்டரில் எட்னா ஃப்ரிட்ஷ் இருந்தாள். முதலாளிமேல் விசுவாசமுள்ள பெண். அவர் முகத்தில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தாள், பொறுக்க முடியவில்லை. தன் மேசைக்கடியிலும் ஒரு மிதிகட்டை இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

மணி அடித்தது. பிளம் ஃபோர்க் இந்த முறை தாமதிக்கவில்லை.

காரோட்டி யுத்தத்தில் தரைப்படையில் இருந்தவன் போலிருக்கிறது. முதல் துப்பாக்கி ஜன்னலில் தெரிந்ததுமே காருக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் வெடித்தன. காரின் கண்ணாடிகள் தூளாயின. சலூனின் நிலைக்கண்ணாடி நொறுங்கி, பாதி சவரத்தில் உட்கார்ந்திருந்த பெயின்டரின் தோளில் சொருகியது. இரும்புக்கடையில் பெயின்ட் டப்பாக்கள் வெடித்து, சிவப்பும் ரத்தமும் பிரித்தறிய முடியாமல் படிகளில் வழிந்தன. எதிர்ப்பக்கமிருந்து குண்டு வருவதைக் கண்ட இரண்டு தரப்பும், திருடர்கள் எதிர்க்கடையைப் பிடித்துவிட்டார்கள் என்று முடிவு செய்தன. அதற்கப்புறம் காரை யாரும் சுடவில்லை.

உள்ளே திருடர்கள் பையைக் கீழே வைத்தார்கள்.

"என்ன ஊருய்யா இது? யார யாரு சுடறாங்க?" என்றான் உயரமானவன்.

"உங்களத்தான்," என்றார் ஆர்லோ.

"நாங்க இங்கதானே இருக்கோம்."

அவன் தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு எட்னாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். "அம்மா, நாங்க வெளிய போகல. போலீஸ் வரட்டும்." அன்று வங்கிக்குள் ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

ஆர்லோ கதவைத் திறந்து, இரு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு நடந்தார். "நிறுத்துங்க! நான் ஆர்லோ!" உடைந்த வாயிலிருந்து சொற்கள் ரத்தமாக வந்தன. ரத்தம் வழியும் முகத்தோடு வங்கியிலிருந்து வெளியே வருபவன் திருடன் அல்லாமல் வேறு யார்? இரும்புக்கடை ஜன்னலிலிருந்து கஸ் அவர் தொடையில் சுட்டான். எலும்பு முறிந்து ஆர்லோ விழுந்தார். விழுந்தவரை அடையாளம் கண்ட கஸ், "ஐயோ, ஆர்லோடா அது" என்று கத்திக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினான். சலூனிலிருந்து வந்த குண்டு அவன் தொண்டையைப் பிய்த்துக்கொண்டு போனது. கஸ் ஜன்னல் சட்டத்தில் துணி காயப்போட்டதுபோல் தொங்கினான். குண்டுகள் தீர்ந்த பிறகுதான் சத்தம் ஓய்ந்தது.

போலீஸ் வந்து பிடித்துப்போன திருடர்கள் மூவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

கஸ் ரைமர்ஸ் திருடர்களால் கொல்லப்பட்டார் என்று ஊர் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஆர்லோ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு கூடிய காவல்படைக் கூட்டத்தில் ஆள் பற்றாக்குறைதான் தவறுக்குக் காரணம் என்று கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் துப்பாக்கிகளை இரட்டிப்பாக்கினார்கள். ஆர்லோ ஊன்றுகோலில் நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். மணியை மிதிக்காத மனிதர் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். அத்தோடு அவர் பேச்சு முடிந்தது.

மறுநாள் அவர் இரும்புக்கடைக்குப் போனார். கஸ்ஸின் மனைவி ஹெட்டி படிகளில் இன்னும் போகாத சிவப்பைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஹெட்டி, மணிக் கம்பிய அறுக்க எனக்கு ஒரு கொறடு வேணும். ஏணியும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் கால வச்சிக்கிட்டு ஏறுவீங்களா?"

"ஏறித்தான் ஆகணும்."

"அவரு எந்தப் பக்கம் பாத்துத் தொங்குனாருன்னு நான் பாத்தேன், ஆர்லோ. குண்டு எங்கருந்து வந்துதுன்னு யாரும் எனக்குச் சொல்ல வேணாம்." கத்தியைக் கீழே வைத்தாள். "நீங்க ஏணியப் புடிங்க."

ஹெட்டி ஏறினாள். கம்பி தடிமனாக இருந்தது. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது. பாதியில் லெஸ்டர் பிங்ஹம் எதிர்ச்சாரியிலிருந்து, கையில் சவரக்கத்தியோடு வேகமாக வந்தார்.

"யாரக் கேட்டு வெட்டற? இது ஊர்ச் சொத்து."

"சொவரு என்னுது, லெஸ்டர்."

"நாளைக்கு எவனாவது வந்தா?"

"வந்தா எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

லெஸ்டர் ஆர்லோவைப் பார்த்தார். "என் குண்டுன்னு சொல்றியா நீ? அதானே இதுக்கு அர்த்தம்?"

"நான் ஒண்ணும் சொல்லல," என்றார் ஆர்லோ. "ஏணியத்தான் புடிச்சிருக்கேன்."

கம்பி அறுந்து, நுனி சுழன்று லெஸ்டரின் கன்னத்தைக் கிழித்தது. அவர் ரத்தத்தைத் துடைக்கவில்லை. அதைத்தான் எதிர்பார்த்து வந்தவர்போல் நின்றார். பிறகு, "என் பணத்த எடுத்துக்கப் போறேன்" என்றார்.

"வாங்க, நானே எடுத்துத் தரேன்," என்றார் ஆர்லோ. ஊன்றுகோலைக் கக்கத்தில் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த மாதத்துக்குள் பாதி ஊர், மணி இருக்கும் வங்கியைத் தேடிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. லெஸ்டர் மட்டும், கம்பி அறுந்த அன்று கவுண்டர்வரை வந்தும் பணத்தைக் கேட்கவில்லை. எட்னா நீட்டிய கைக்குட்டையை வாங்கிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு, தெருவும் கஸ்ஸின் கடையும் தெரியும் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.