புயலும் மூன்று ஈ.சி.ஜி. மிஷின்களும்

அந்த ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. அறையைக் கூட்டித் துடைப்பவளைப் புயல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அவள் துடைத்த தரையில் மூன்று ஈக்கள் வழுக்கி விழுந்து, எலும்பு டாக்டரிடம் கட்டுப்போட்டுக்கொண்டு போனதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவள், மேஜை டெலிபோன் திடீரென்று அலறியதில் இரண்டு முறை சுருண்டு விழுந்தாள். இரண்டு முறையும் ஒரு நிமிடத்தில் எழுந்து துடைப்பத்தைத் தேடினாள்.

"போனை எடுன்னு சொல்லிடுவேன்னு பயந்து மயக்கமா?" என்று கேலி செய்தாள் ஈ.சி.ஜி. எடுக்கும் டெக்னீஷியன்.

புது மிஷின் வந்தது. சரிபார்க்க யாராவது படுக்க வேண்டுமே, புயலைப் பிடித்துப் படுக்கவைத்தார்கள். காகிதத்தில் ஒவ்வொரு துடிப்பின் அலையும் அடங்க மனமில்லாமல் நீண்டு கிடந்தது.

"காகிதம் ஓடற வேகம் தப்பு," என்று மிஷினைத் திருப்பி அனுப்பினாள் டெக்னீஷியன். மாற்று மிஷினும் அதையே வரைந்தது. அதுவும் திரும்பிப் போனது. மூன்றாவதோடு மெக்கானிக்கே வந்தார். சட்டையைக் கழற்றித் தானே படுத்தார். அலைகள் ஒழுங்காக வந்தன. திரைக்கு அந்தப் பக்கம் புயலைப் படுக்கவைத்தார்கள். பழைய நீட்டம்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மேடம், எனக்கு மிஷினைத்தான் ரிப்பேர் பண்ணத் தெரியும்."

டெக்னீஷியன் காகிதத்தோடு இதய டாக்டரிடம் ஓடினாள். அவர் அளந்து பார்த்துவிட்டுப் புயலைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்ல யாராவது திடீர்னு போயிருக்காங்களா?"

"எங்க அக்கா. காலையில அலாரம் அடிச்சுது, எழுந்திருக்கவே இல்ல. ஏன் டாக்டர்?"

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அவள் இதயம் அடுத்ததற்குத் தயாராக அதிக நேரம் எடுக்கிறதாம். அந்த இடைவெளியில் திடீர்ச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டால், துடிக்காமல் வெறுமனே நடுங்கும். நடுக்கம் தானாக நின்றால் மயக்கம். நிற்காவிட்டால் அக்கா போன வழி.

மாத்திரை தந்தார்கள். டெலிபோனைத் துணியில் சுற்றினார்கள். புயலுக்கு நிலைகொள்ளவில்லை, துடைக்கத் துடைக்க ஒவ்வொரு கதவையும் திரும்பிப் பார்த்தாள், எது எப்போது கத்துமோ என்று. பத்தாம் நாள் தீ எச்சரிக்கை மணியைச் சோதித்தார்கள். விழுந்தவள் எழவில்லை. டாக்டர் நெஞ்சில் ஷாக் கொடுத்துத்தான் மீட்டார். பிறகு காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். இனி இதயம் அப்படி நடுங்கினால், அதுவே ஷாக் கொடுக்கும்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தாள். வாசலில் ஆம்புலன்ஸ் ஹாரன் அலறியது. சரிந்தவள், டெக்னீஷியன் ஓடி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு என்னை நெஞ்சுல எட்டி உதைச்சது?"

"உனக்குள்ள இருக்கற மிஷின்தான்டி," என்றாள் டெக்னீஷியன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

புயல் தோளுக்குக் கீழே தடவிப் பார்த்தாள்.

"இதையும் கோளாறுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க, மேடம்."