எங்கள் பசுவின் நெற்றிப்பட்டம்

பட்டணத்துக் காட்சிசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொன்பட்டம் இருக்கிறது. அந்தக் காலத்து அரச குடும்பத்தார் நெற்றியில் அணிந்தது என்று பக்கத்தில் எழுதியிருப்பதாகப் பேத்தி படித்துச் சொன்னாள். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் அதைக் கடைசியாக ஊரறிய அணிந்தது யாரென்று எனக்குத் தெரியும். எங்கள் சிவப்புப் பசு.

அப்போது அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி இத்தனை அடுக்கு வீடுகள் கிடையாது. கோடையில் ஏரி வற்றினால் வண்டல் வெட்டி வயலுக்கு அடிப்பார்கள். அப்படி வெட்டும்போது அம்மாவின் மண்வெட்டியில் அது மாட்டியது. ஒரு சாண் நீளத் தகடு. நடுவில் பூ, இருபக்கமும் யாளி, ஓரத்தில் கயிறு கோக்கத் துளை. அம்மாவின் தாலியே வெறும் மஞ்சள்கிழங்குதான்; உள்ளங்கை அகலத்துக்குப் பொன் இருக்கும் என்று நாங்கள் எங்கே கண்டோம்? பித்தளை என்றே மாடத்தில் போட்டு வைத்தோம். மாட்டுப் பொங்கல் வந்ததும் நான் புளி போட்டுத் தேய்த்தேன். அப்பா அதைப் பசுவின் நெற்றியில் கட்டி ஊரைச் சுற்றி ஓட்டிவந்தார். அழகாக இருக்கிறதென்று அப்புறமும் நான் அவிழ்க்க விடவில்லை.

அந்தத் தையிலேயே எனக்குக் காதுகுத்தல். தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தேன். ஊசியோடு வந்த பத்தர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பார்த்தவர், ஊசியைக் கீழே வைத்துவிட்டார். போய்ப் பசுவின் பட்டத்தை அவிழ்த்து உரசிப் பார்த்தார்.

"அசல் தங்கம்மா. ராசா நெத்தில கட்டுற பட்டம் இது."

மாமா என்னை மடியிலிருந்து தள்ளிவிட்டு எழுந்தார். "அக்கா, உருக்கிடலாம்கா! உனக்குத் தாலி, பாப்பாவுக்குக் கம்மல். யாருக்குத் தெரியப்போவுது?"

"யாருக்குத் தெரியுமா? மாட்டு நெத்தில ஊரே பாத்துகீது மச்சான்!" என்றார் அப்பா.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். கண்டெடுத்தவள் அவள்தானே. கழுத்துக் கயிற்றை நெருடிக்கொண்டே நின்றாள்.

"ராசா ஊட்டுப் பொருளு. நம்ப மாடு போட்டுகினது போதும். முன்சீப்பு கையில குடுத்துடுங்க."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் காதில் வேப்பங்குச்சிதான் ஏறியது.

அப்பா கிராம முன்சீப்பை அழைத்துவரப் போனார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவா என்று அம்மா என்னை வெளியே அனுப்பினாள். இப்போதுதானே காட்டினோம் என்று பாதியில் திரும்பி வந்தேன். சுவரில் மாட்டியிருந்த ரசம்போன கண்ணாடி முன் நின்று, இரண்டு கையாலும் பட்டத்தைத் தன் நெற்றியில் பிடித்திருந்தாள் அம்மா. என்னைக் கண்டதும் சட்டென்று எடுத்து முந்தானையால் துடைத்தாள்.

மாட்டு வாடை போயிற்றா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"யம்மா, நா வேணா புளி போட்டுத் தேச்சுத் தரட்டா?"