பித்தளைப் பேனாவின் மூடி

என்னிடம் இரண்டு உலோகப் பேனாக்கள் இருந்தன. ஒன்று பித்தளை, மற்றொன்று செம்பு. திருச்சியில் பம்பு உதிரிபாகங்கள் கடையும் லேத் பட்டறை ஒன்றில் நண்பர் ஒருவர் ஓய்வு நேரத்தில் கடைந்து கொடுத்தவை. பித்தளையைக் கடைவது எளிது, பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும் என்பார். செம்பு அப்படியில்லை. சுருள் சுருளாக இழுத்துக்கொண்டு வரும், உளியில் ஒட்டும். இரண்டுக்குள்ளும் சீனப் பேனாக்களின் நிப்பையும் மை உறிஞ்சும் ரப்பர் குழாயையும் பொருத்தியிருந்தோம். மை நேராக உலோகத்தில் படக்கூடாது. பட்டால் இரண்டொரு வாரத்தில் நீலம் பச்சையாகிவிடும்.

அப்போது பெரம்பலூரில் வாடகை வீட்டில் இருந்தேன். அரியலூர் இன்னும் தனி மாவட்டமாகவில்லை. திருச்சி நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி எழுதி அனுப்புவது வேலை. காலையில் அரியலூர், நண்பகலில் ஜெயங்கொண்டம், மாலையில் திரும்பி வந்து எழுத்து. பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் வெள்ளைத் தூசு மரங்களின் மேல் படிந்திருப்பது தெரியும். புளியமரங்கள் நரைத்திருக்கும். அரைத் தூக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு பேனாக்களின் கனத்தில் பை எப்போதும் ஒரு பக்கமாகத் தொங்கும். உள்ளங்கையில் பழைய பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்ததுபோல ஒரு வாசனை இருக்கும். கையைக் கழுவினாலும் அது அன்று முழுவதும் போகாது.

அவற்றை நான் பளபளப்பாக வைத்துக்கொண்டதில்லை. எழுதி முடித்ததும் பழைய வேட்டித் துணியால் துடைப்பேன். மூடி திருகும் மரையில் மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். நிப்பை வெந்நீரில் போட்டு நீலம் கரைந்து போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கு மேல் ஒன்றும் செய்வதில்லை. பித்தளை ஒரு வருடத்தில் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. செம்பு, விரல் படும் இடத்தில் சிவப்பாகவும் படாத இடத்தில் ஆறிய தேநீரின் நிறமாகவும் இருந்தது. மழைக்காலத்தில் ஒரு நிறம், சித்திரை வியர்வையில் வேறு நிறம். எழுத ஒன்றும் இல்லாத மாலைகளில் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவிக்கு அது பொறுக்காது.

"குடும்பம் நடத்துற வூட்டுல பித்தளை இப்படி கருத்துக் கெடந்தா, பாக்குறவங்க என்னையத்தான் சொல்லுவாங்க. குடுங்க, புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சுத் தரேன்."

"அது சொம்பு இல்ல."

"சொம்பா இருந்திருந்தா இந்நேரம் மின்னியிருக்கும்."

பித்தளைப் பேனா என் கையை விட்டுப் போனது ஒரு தை மாதத்தில், ஜெயங்கொண்டத்தில். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் பத்திர எழுத்தர் ஒருவர் மேசை போட்டிருந்தார். நில விற்பனை பற்றிய செய்திகளுக்கு அவரிடம் போவேன். அன்று காலையிலேயே போயிருந்தேன். அவர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆண்டிமடம் பக்கத்து முந்திரி விவசாயக் குடும்பம். பக்கத்தில் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். அப்பா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தோப்பில் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட வேண்டும். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். இந்தப் பகுதியில் கல்யாணமான பெண்கள் அதில் கையெழுத்துப் போடுவதை யாரும் ஒரு செய்தியாகக் கருதியதில்லை. நானும் கருதவில்லை.

பத்திரம் தயாராக இருந்தது. அவள் மேசையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை எடுத்தாள். எழுத்தர் தடுத்தார்.

"அது வேணாம்மா. பத்திரத்துக்கு மை பேனாதான் நிக்கும். என்னோடது ஒழுவுது. சார் பையில ரெண்டு வச்சிருக்காரு பாரு. குடுங்க சார், செத்த நேரம்."

பேங்கிலும் தபால் ஆபீசிலும் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பேனாவை இரவல் கொடுத்தால் மூடியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேனாவைக் கொடுத்தேன்.

"என்னாங்க இவ்ளோ கனமா இருக்கு?" என்றாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஏற்றி இறக்கினாள். பிறகு பத்திரத்தைப் பார்த்தாள். அவள் படிக்கத் தெரிந்தவள் என்பதைக் கண்கள் நகர்ந்த விதத்தில் தெரிந்துகொண்டேன். கடைசி வரிவரை போய்விட்டு மறுபடி மேலே வந்தாள்.

"நல்ல நேரம் பத்தரைக்குள்ள முடியுது புள்ள," என்றார் அண்ணன்.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடுறேண்ணே."

டீக்கடைப் பக்கமாக நடந்தாள். கடைக்கு அப்பால் ஆண்டிமடம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஓடவில்லை, அவசரப்படவும் இல்லை. நடந்த நடையிலேயே படியில் ஏறிவிட்டாள். பஸ் கிளம்பியது. என் பேனாவின் நிப்பு அவள் முந்தானைக்கு வெளியே ஒரு கணம் மின்னியது, அல்லது அப்படி மின்னியதாகப் பின்னால் நான் நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் ரோடுவரை ஓடிப்போய்விட்டு வந்தார். எழுத்தர் என் கையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"மூடிய வச்சிருக்கீங்கள்ல சார்? அப்பறம் பேனா எங்க போயிடும்?"

அதன் பிறகு மூன்று மாதம் என்னிடம் மூடி மட்டும் இருந்தது. எழுதும் மேசையில் அதை நிறுத்தி வைத்திருப்பேன். செம்புப் பேனாவில் செய்தி எழுதுவேன். மூடியில்லாத நிப்பு எங்கோ ஒரு வீட்டில், எந்த மாடத்திலோ, காற்றில் காய்ந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு பஸ்ஸிலும் தூக்கத்திலும் வரும். அந்த மாடத்தை நான் கண்டதில்லை. ஆனாலும் அதில் மதிய வெயில் விழும் கோணம் எனக்குத் தெரிந்திருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு போனபோதுகூட மையின் நீலம் மணலில் இறங்குவதுபோலத் தோன்றியது.

ஜெயங்கொண்டம் போகும்போதெல்லாம் எழுத்தர் நிலவரம் சொல்வார்.

"கையெழுத்துப் போட மாட்டேன்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்ல சார். அதுதான் கூத்து. 'கையெழுத்துக்கு அந்தப் பேனாவத்தான் எடுத்தேன், நல்ல நேரத்துல எடுத்தது, அதுலயே போடுறேன். இப்ப அது எழுத மாட்டேங்குது. யாரு பேனாவோ அவரு வந்து சரி பண்ணிக் குடுக்கட்டும்' அப்படின்னுதாம். அண்ணங்காரரால ஒன்னும் பேச முடியல. பல் வெளக்கறதுக்கே நேரம் பாக்குற ஆளு அவரு. எடுத்த பேனாவ மாத்துனா ஆவாதுன்னு அவருக்கே மனசுல இருக்கு."

"இப்ப என்ன பண்ணணுங்கிறீங்க?"

"ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. உங்களுக்குப் பேனா, எனக்குப் பத்திரம்."

போனேன். அவளுடைய பங்கைப் பற்றி யோசித்துப் போனேன் என்று சொல்ல முடியாது. எனக்குப் பேனா வேண்டும். மூடியைக் கால்சட்டைப் பையிலும் மைப்புட்டியைத் தோள்பையிலும் வைத்துக்கொண்டு ஒரு சித்திரை மாதக் காலையில் ஆண்டிமடத்தில் இறங்கி நடந்தேன்.

முந்திரித் தோப்புக்குள் நுழைந்ததும் வெயில் அறுந்துபோனது. கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் உதிர்ந்து புளித்து, காற்றே லேசாகக் கிறங்கியிருந்தது. எங்கிருந்தோ பேச்சுச் சத்தம் வந்தது, எந்தத் திசை என்று தெரியவில்லை. அந்த நிழலில் நான் எவ்வளவு நேரம் நடந்தேன் என்பதை இன்றும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கால்மணி நேரமும் இருக்கலாம்.

தோப்பு முடியும் இடத்தில் அவள் வீடு. வாசலில் குடம், சொம்பு, கும்பா, குத்துவிளக்கு எல்லாம் விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது. வரிசையின் கடைசியில் என் பேனா. முதலில் அடையாளம் தெரியவில்லை. புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தாள். கண் கூசும்படி மஞ்சளாக இருந்தது. ஒரு வருடத்துக் கருமை முழுவதும் போய், லேத்திலிருந்து இறங்கிய அன்றைய நிறத்தில் கிடந்தது.

அவள் திண்ணையில் உட்கார்ந்து பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துட்டீங்களா," என்றாள். அதில் வரவேற்பு இல்லை.

யாரோ ஆள் அனுப்பியிருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அண்ணன் மொபெட்டில் வந்துவிட்டார். பத்திரத்தை மஞ்சள் பையில் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"வாங்க சார். உங்களத்தான் மூணு மாசமா தேடிட்டிருக்கோம். ஏ புள்ள, சாருக்கு மோர் கொண்டா." நான் பையிலிருந்து எடுத்த மூடியை வாங்கிப் பேனாவின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "என்னா இது, ஒன்னு தங்கமாட்டம் இருக்கு, ஒன்னு கருப்பட்டியாட்டம் இருக்கு? இதோட மூடிதானா?"

"இதோடதுதாங்க."

"வெள்ளிக்கெழம பாத்திரத்தோட சேத்து வெளக்கிப்புட்டேன்," என்றாள் அவள். "பித்தளைன்னா வெளக்கத்தானே செய்வாங்க."

அண்ணன் பேனாவையும் மூடியையும் என்னிடம் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். மரை நெடுகப் புளியும் செங்கல் பொடியும் இறுகியிருந்தன. நார் இழுத்ததில் நிப்பின் இரு நுனிகளும் கத்தரிக்கோல் திறந்ததுபோல் விலகியிருந்தன. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கட்டைவிரல் நகத்தை நிப்பின் மேல் வைத்து உள்பக்கமாக இரண்டு அழுத்து அழுத்தினால் நுனிகள் சேர்ந்துவிடும். பலமுறை செய்திருக்கிறேன். ஒரு நிமிட வேலை.

"எழுதுமா சார்?"

மைப்புட்டியைத் திறந்து நிப்பை முக்கினேன். என் குறிப்பேட்டில் ஒரு கோடு இழுத்தேன். மை ஒரு சொட்டாக விழுந்து பரவியது. நிப்பு தாளைக் கீறியது. கோடு விழவில்லை. நிமிர்ந்தேன். அவள் மோர் சொம்போடு நிலைப்படியில் நின்றாள். பார்வை என் முகத்தில் இல்லை, என் கட்டைவிரலில் இருந்தது. அவளுக்கு நிப்பைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க முடியாது. இருந்தும் அங்கேதான் பார்த்தாள்.

பதினைந்து வருடம் செய்தி எழுதியவன் நான். பார்த்ததை எழுது, நீ உள்ளே போகாதே என்பதே எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரே பாடம்.

"எழுதலிங்க," என்றேன்.

"சரி பண்ண முடியாதா?"

"திருச்சிக்குக் கொண்டு போகணும்."

"அப்ப கொண்டு போயிட்டு வாங்களேன் சார்."

"அதெப்புடி?" என்றாள் அவள் நிலைப்படியிலிருந்து. "நல்ல நேரத்துல என் கையில வந்தது. வெளியில போனா எத்தன கை மாறுமோ. அப்பறம் அது எடுத்த பேனா ஆவுமா? நீங்களே சொல்லுங்கண்ணே."

அண்ணன் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை. "என் பொண்டாட்டி அவ அண்ணனுக்கு எழுதிக் குடுத்தா சார். ஒரே நிமிசம். பேனாவப் பத்தி ஒரு வார்த்த கேக்கல," என்று என்னிடம் சொன்னார். "அண்ணிகிட்ட யாரும் கனமான பேனாவக் குடுத்திருக்க மாட்டாங்க," என்றாள் தங்கை. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபின் மறுபடி கோபப்படுவது அவருக்குச் சிரமமாக இருந்தது.

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். நானும் எழுந்தேன். பேனாவைத் திண்ணையில் வைத்துவிட்டு மூடியை அவளிடம் நீட்டினேன்.

"அது உங்ககிட்டயே இருக்கட்டும் சார்," என்றாள். "ரெண்டும் ஒரே வூட்டுல இருந்தா, சேத்துப் பாக்கணும்னு யாருக்காச்சும் தோணும்."

அடுத்த வருடம் பருவத்தில் ஆண்டிமடத்துக்கு முந்திரி விலை பற்றிச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். போகும் வழியில் அதே தோப்பு. அவள் எதிரே வந்தாள், தலையில் கொட்டைக் கூடையோடு. காத்துக் காத்துச் சலித்து விடுதலைப் பத்திரத்தை அண்ணனே கிழித்துப் போட்டுவிட்டதாகவும், தை பிறந்ததும் பாகப்பிரிவினையாகவே எழுதிக்கொண்டதாகவும் சொன்னாள்.

"எந்தப் பேனாவுல கையெழுத்துப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஞாபகம் இல்லீங்களே. ஏதோ ஒன்னு கெடந்தது."

பேனாவைக் கேட்டிருக்கலாம். அவளும் கொடுத்திருப்பாள். இனி அதைச் சரிசெய்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கியிருந்தாள், தன் பாகத்தைக் காட்ட. எல்லைக் கல் இல்லை, வேலி இல்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டு, "இது, இது, அந்தக் கோணக் கெளை, இதுவும்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நிழலுக்குள் அவள் சேலை தெரிந்தது, மறைந்தது, பிறகு குரல் மட்டும் கேட்டது. புளித்த பழ வாசனையில் எனக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. குறிப்பேட்டை எடுக்காமல் அந்தக் குரலின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.